பால் கீறுற கை

இல்லீங்க சார், உங்களப் பாத்து சிரிக்கல. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கினுதான் வர்றேன். வரப்புல பாத்து வாங்க, இப்பத்தான் தண்ணி பாஞ்சிருக்கு. அப்போ இந்தப் பப்பாளிப் பாலு ரத்தக்கட்டியக் கரைக்கும்ன்றீங்க. கண்ணாடிக் கொழாய்ல உட்டுப் பாத்துட்டீங்க. மனுசனுக்குக் குடுத்து இன்னும் பாக்கல, அதுக்கு வருசக்கணக்கா ஆவும். சரிதானே? ஆவட்டும். நல்ல காரியம்தான். படிச்சி முடிச்சா நீங்களும் பேருக்கு முன்னாடி டாக்டருன்னு போட்டுக்குவீங்க, ஊசி போடத் தெரியாத டாக்டரு. கோச்சிக்காதீங்க, என் வாயி அப்படி.

இந்தக் காயப் பாருங்க. பழுத்துட்டா பாலு வராது. பச்சயா கெட்டியா இருக்கணும். வெய்யிலு ஏர்றதுக்குள்ள பிளேடால மேலாப்புல கீறணும். ஆழமாப் போச்சுன்னா காயி அழுவிடும், தோட்டக்காரரு கத்துவாரு. மரத்தடியில பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சிட்டா பாலு அதுல சொட்டிக்கினே இருக்கும். மிச்சம் காயிலயே ஒறஞ்சி நிக்கும், அதக் கையால வழிச்சி எடுக்கணும். வேன் வந்து வாங்கிக்கினு போவும். கறிய மெத்துனு ஆக்குறதுக்கு, தோலு பதப்படுத்துறதுக்குன்னு என்னென்னமோ சொல்லுவாங்க. ரத்தக்கட்டிக்குன்னு சொன்னது நீங்கதான்.

அதென்னான்னு எனக்கு வெளக்க வாணாம் சார். என் வூட்டுக்காரரு சூசைமுத்து அதுலதான் போனாரு. போன தவக்காலத்துல. ஆமா, அவருக்கும் இதே வேலதான். ஆளுக்கொரு வரிசயா கீறிக்கினு வருவோம், பேசிக்கினே. இப்ப அந்த வரிசயில வேற ஆளு கீறுது.

நீங்க எதுக்கு சார் சாரி சொல்றீங்க? நீங்களா கொன்னீங்க? கேக்குறீங்க, சொல்றேன்.

அன்னிக்குக் கீறிக்கினு இருந்தவரு அப்படியே ஷீட்டு மேல குந்திட்டாரு. நெஞ்ச அழுத்துதுன்னாரு. சட்ட பூரா வேர்வ. ஆட்டோ புடிச்சி பெரியாஸ்பத்திரிக்குத்தான் கௌம்புனோம். பாதி வழியில கண்ணு சொருவுது. ஆட்டோக்காரன் பயந்துபோயி, ரோட்டு மேல இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எறக்கிட்டான். டாக்டரம்மா நல்லவங்க, அவங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாத்த ஒடனே சொன்னாங்க, நெஞ்சுக் கொழாய்ல ரத்தம் கட்டி அடச்சிக்கினு இருக்கு, கரைக்கிற ஊசி இருக்கு, ஜல்தி போட்டா பொழச்சிக்குவாருன்னு. எதுத்தாப்புல கண்ணாடி வெச்ச பிரிட்ஜுல அந்த மருந்து இருந்துச்சி. என் கண்ணால பாத்தேன் சார்.

வெல ஜாஸ்தியாம். காப்பீட்டு கார்டு இருக்கான்னாங்க. இருக்குன்னேன். அப்பாடான்னு இருந்துச்சி எனக்கு. மாதாவே, தப்பிச்சிட்டாருன்னு நெனச்சேன்.

அப்புறம்தான் பேஜாரு. கைரேக வெக்கணுமாம். படுத்துக் கெடந்தவரு வெரலத் தூக்கி மெஷின்ல வெச்சாங்க. செவப்பு லைட்டு. என் வெரல வெச்சேன், அதுக்கும் செவப்பு. கவுண்டர்ல இளவரசின்னு ஒரு பொண்ணு, சோப்பு போட்டு கழுவிக்கினு வாங்கக்கான்னுச்சி. கழுவுனேன். முந்தானயில தொடச்சேன், தலமுடியில தேச்சேன். வேற வேற வெரலா வெச்சேன். செவப்புதான். போனுக்கு நம்பரு வரும்னாங்க, கார்டுல குடுத்த பழைய நம்பரு எப்பவோ கட்டாயிப்போச்சி. மொதல்ல ஊசிய போடலாம்னு டாக்டரம்மா திரும்பத் திரும்ப வந்து சண்ட போட்டாங்க. பாஸ் ஆவாம முடியாதுன்னு ஆபீஸ்ல ஒக்காந்துக்கினு இருந்த ஆளு சொல்லிட்டான். காதுல இருந்த கம்மலக் கழட்டி மேச மேல வெச்சேன். அது கவரிங்குன்னு அவனுக்கே தெரிஞ்சிடுச்சி.

இந்தாங்க, கையப் பாருங்க. சும்மா தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஒட்டிக்காது. கறிய கரைக்கிற பாலு, வழிச்சி எடுக்குற கைய மட்டும் உட்டு வெக்குமா? தோலு உரிஞ்சி உரிஞ்சி வழவழன்னு பூடுச்சி. எதுல இருக்குது ரேக? இங்க கீறுற பொம்பளைங்க எல்லாருக்கும் இப்படித்தான். ரேசன் கடைக்குக் கூட புள்ளைங்களத்தான் அனுப்புவோம். கிளவுஸா? போட்டா பிளேடு நிக்காது சார், வேல ஓடாது.

அதான் என் பையன், ஜெனித்துன்னு பேரு, அவன நான் இந்தப் பாலு பக்கமே உடல. ஒரகடத்துல கம்பெனி வேல அவனுக்கு. கார்டுல அவன் பேரும் இருக்கு, அவன வரச் சொல்லுங்கன்னுச்சி இளவரசி. போன் போட்டேன். திண்டிவனம் வந்துட்டேம்மான்னான். விக்கிரவாண்டி டோல்ல பஸ்ஸு நிக்குதும்மான்னான். நான் அவரு கால அமுக்கிக்கினு வாசலயே பாத்துக்கினு இருந்தேன். அவரு என்னயே பாத்துக்கினு இருந்தாரு.

பையன் ஓடியாந்து, மூச்சு வாங்க வாங்க வெரல வெச்சான். ஒரே தடவதான் சார், பட்டுனு பச்ச லைட்டு எரிஞ்சிது. பாஸ் ஆயிடுச்சின்னு இளவரசி சத்தமா சொல்லுச்சி. டாக்டரம்மா அப்பத்தான் அவரு கண்ண மூடி உட்டுட்டு வெளிய வந்துக்கினு இருந்தாங்க.