பின் பிரேக்கில் காற்று

பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். முன் சீட்டில் ஃபேக்டரி சட்டை போட்ட இரண்டு பேர். "பொண்டாட்டி மிதிக்க மிதிக்கக் காத்து வந்துட்டே இருக்கு, குரு" என்றார் இளையவர் மற்றவரிடம். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனாலும் கேட்டேன்.

"எதுல காத்து?"

"பைக் பின் பிரேக்ல. புது ஆயில் ஊத்தினேன். அவ பெடலை மிதிச்சுப் பிடிப்பா, நான் கீழ சக்கரத்துக்கிட்ட இருக்குற நிப்பிளைத் திறந்து காத்தை விட்டு மூடுவேன். ஒரு மணி நேரம் பண்ணோம். பெடல் இன்னும் பஞ்சு மாதிரி இறங்குது."

"மேல ஆயில் டப்பாவுல குறையக் குறைய ஊத்தினியா?"

"ரெண்டு பேரும் கீழயே பாத்துட்டு இருந்தோம்."

"நல்ல ஜோடி. டப்பா காலியாகி அது வழியாத்தான் காத்து போயிருக்கு. மறுபடி முதல்லேருந்து பண்ணு. அதுவரை வண்டியைத் தொடாதே."

"நாளைக்குப் பாப்பாவுக்கு ஊசி. வண்டி சரியாயிடுச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"மிதிச்சதே அவதானே? அவ காலுக்குத் தெரியாதா?"



"அதான் இன்னிக்குக் காலையில, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்னு பக்கத்து வீட்டுல கேட்டுட்டு இருந்தா."