அலமாரியின் கீழ்த்தட்டு

"'இனிமேல்தான்'னா எத்தனை நாள், அங்கிள்?" என்று ஒரு குழந்தை என்னிடம் கேட்டது. முன்பல் விழுந்த வாய், ஏழு வயதிருக்கும். எட்டு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா. உருப்படியாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

என் வேலை சின்ன வேலை. புற்றுநோய்ப் பிரிவுக்காக, எந்தப் புது மருந்துக்கு எங்கே எப்போது பரிசோதனை தொடங்கப் போகிறது என்று திங்கட்கிழமைதோறும் அரசின் இணையப் பதிவேட்டில் தேடுவேன். தொடங்காதவற்றுக்கு எதிரே 'ஆள்சேர்ப்பு இனிமேல்தான்' என்றிருக்கும். பொருந்துகிற நோயாளிகளின் அட்டைகளை அடுக்கி வைப்பேன். ஆள் சேர்க்கத் தொடங்கியதும் மேலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன்.

வருகிறவர்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போனில் அரைகுறையாகப் படித்துவிட்டு எனக்கே பாடம் எடுப்பார்கள். என் மேசைமேல் பையை வைத்துக்கொண்டு அழுவார்கள். காரியம் ஆகும்வரை 'சார்'. ஆனபின் முகம்கூடத் திரும்பாது.

நான் நம்புவது சின்னச் சின்ன நல்ல குணங்களைத்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறவர், வாங்கிய பேனாவைத் திருப்பி வைக்கிறவர். அவர்கள் அட்டையைக் கொஞ்சம் மேலே நகர்த்துவேன். கடவுளும் அதைத்தானே பார்க்கிறார்.

அந்தக் குழந்தையின் அம்மா தையல்காரர். மார்பில் புற்று. சாப்பிட்டுவந்த ஹார்மோன் மாத்திரை கேட்காமல் போயிருந்தது. புதிய ஹார்மோன் மருந்து ஒன்றின் பரிசோதனை எங்கள் மருத்துவமனைக்கே வரவிருந்தது. ஐந்தே இடம். இடையில் கீமோ ஊசி போட்டுக்கொண்டவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அவர் அட்டைதான் முதலில் இருந்தது.

"டாக்டர் ஊசிய ஆரம்பிச்சிடலாம்ங்கறார் சார். நீங்க சொன்னா கொஞ்ச நாள் பொறுக்கறேன்" என்றார்.

பொறுங்கள் என்றேன்.

அன்று நல்ல மழை. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து என் குடையை எடுத்துக் கொடுத்தேன். "நாளைக்கே கொண்டாந்துடறேன் சார்" என்றார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாய்விட்டுக் கேட்பது என் தகுதிக்குக் குறைவு; புதுக்குடை வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவர் அட்டையை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். திங்கட்கிழமை ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். ஐந்து பேரைக் கூப்பிட்டேன். ஐவரும் பண்பு தெரிந்தவர்கள்.

அவர் வாரம் தவறாமல் போன் செய்தார். "இன்னும் தொடங்கலம்மா" என்றேன். நான்கு வாரம் அதையே சொன்னேன். பக்கத்திலிருந்து அந்தக் குழந்தை எத்தனை நாள் என்று கேட்கச் சொல்வது எனக்குக் கேட்கும். குடையைப் பற்றி அம்மாவிடமிருந்து ஒரு பேச்சில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால், போய் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாவது சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது வாரம் கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்து சேர்ந்தார். ஈரலுக்குப் பரவியிருந்தது. எந்த ஊசியையும் தாங்கும் நிலையில் உடம்பு இல்லை. மூன்று வாரம்தான் உயிரோடு இருந்தார். பரிசோதனை எப்போதோ நிரம்பிவிட்டதை டாக்டர் அப்போதுதான் கவனித்தார், விசாரிக்க உங்களையும் வரவழைத்தார்.

அந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட பழைய அட்டைகளுக்காக நேற்றுக் கீழ்த்தட்டில் கைவிட்டேன். கோப்புகளுக்குப் பின்னால் என் குடை இருந்தது. கோப்புகளில் ஈரம் படாதபடி பாலிதீன் பையில் சுற்றியிருந்தது. வெகுநாளாகத் துணியை விட்டு நீட்டிக்கொண்டிருந்த கம்பியைச் சேர்த்துத் தைத்திருந்தார். தையல் கண்ணுக்கே தெரியவில்லை. பிடியில் மருத்துவமனையின் வரிசைச் சீட்டு ஒன்றைக் கட்டியிருந்தார். கொடுத்ததற்கு மறுநாள் தேதி, காலை எட்டு மணி பத்து நிமிடம். பின்பக்கம் 'நன்றி' என்று எழுதியிருந்தது.

அறையைக் கூட்டுவதற்கு எட்டு மணிக்கே திறந்துவிடுவார்கள். நான் வருவது ஒன்பது மணிக்கு. நேரில் சொல்லியிருக்கலாம். ஐம்பது நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லை அவருக்கு.