மூன்று சில்வேரியோக்கள்

— அந்தப் பத்துத் தந்தி வியோலாவை இறக்குப்பா. காயோ வந்ததும் நீ பாடணும்.

— உங்கம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருப்பாளே, ஜுசாரா.

— சொன்னா. ‘அந்த மனுசன்கிட்ட எதை வேணா கேளு, பாட மட்டும் சொல்லாதே’ன்னா. நீ பாட்டை நிறுத்தி ரெண்டு வருசம், நானும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். இன்னிக்குக் கேக்குறேன்.

— நெஞ்சுல சளி, தாயி.

— பொய். காலையில நீ மாட்டை அதட்டுனது ஆத்துக்கு அக்கரை வரைக்கும் கேட்டுச்சு.

— மாடு சுருதி பாக்காது. அட விடு. கோழியும் பெக்கிப் பழச் சோறும் அடுப்புல இருக்கு. உன் சாவோ பாவ்லோ மாப்பிள்ளைகிட்ட சொல்லி வை, கொட்டையைக் கடிச்சிடப் போறான். உள்ள பூரா முள்ளு. அப்புறம் பாதிரியார் கேக்கும்போது ‘சம்மதம்’னு சொல்ல நாக்கு இருக்காது.

— பேச்சை மாத்தாதே. ஒசோரியோ மாமா ஏன் உன் சட்டையைப் போட்டுக்கிட்டு முன்னாடி உக்காந்திருக்காரு? தலைக்கு எண்ணெய் வேற.

— இன்னிக்கு அவன்தான் உங்கப்பன்.

— என்னது?

— எங்க பாட்டு ஜோடிப் பேரு என்ன? சில்வேரியோவும் சில்வினோவும். முப்பது வருசமா சில்வினோ நான்தான். சில்வேரியோ எத்தனை பேரு? மூணு. முதல் ஆளு செத்தான். ரெண்டாமவன் சபையில சேந்து பாட்டே பாவம்னுட்டான். மூணாவது ஒசோரியோ. எவனாவது ஏன்னு கேட்டானா? ஆள் மாறும், பேரு நிக்கும். பாட்டு நடந்தா சரி.

— அப்பனுக்கும் அப்படித்தானா? கோயில்ல மாமாதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரா?

— அந்த மேடை வரும்போது பாத்துக்கலாம். அவனுக்குப் பல்லெல்லாம் இருக்கு. நான் கொட்டில்ல இருந்துக்குறேன். உன் மாப்பிள்ளை என் மூஞ்சியைப் பாத்தா கண்டுபிடிச்சிடுவான், தாயி. கோயானியாவுல, நீ பட்டம் வாங்குன அன்னிக்கு, என் தொப்பியில நோட்டுப் போட்டவனாச்சே.

— நானும் போட்டேன். அதையும் சொல்லு.

— ஒண்ணும் குத்தமில்ல.

— பத்து ரெயால். உன் மூஞ்சியைப் பாக்காமப் போட்டேன். எனக்குன்னு பாட்டுக் கட்டி, ஏழு மணி நேரம் பஸ்ஸுல வியோலாவை மடியில வச்சுக்கிட்டு வந்த மனுசன் நீ. என்னைப் பாத்தே ‘என்ன பாட்டு வேணும், டாக்டரம்மா’ன்னு கேட்டே.

— நம்ம வம்சத்துலயே முதல் பட்டம். வெறுங்கையோட எப்படி வர்றது?

— ஆனா என் பாட்டை நீ அன்னிக்குப் பாடல.

— கூலிக்கு வந்தவன் கேட்ட பாட்டைத்தானே பாடணும்.

— இப்பக் கேக்குறேன். பாடு.

— மூஞ்சி மறந்திருந்தாலும், நான் பாடுனா குரலை வச்சு அவனாவே தெரிஞ்சுக்குவான். நீ வாயே திறக்க வேண்டாம். அதுக்குத்தானே?

— அப்பா...

— நேராப் பேசுறவதானே நீ? பேசு.

— ஆமா. அதுக்குத்தான்.

— தலையைத் தொங்கப் போடாதே. உன்கூடப் படிச்சதெல்லாம் பணக்காரப் பிள்ளைங்க. தொப்பியையும் வியோலாவையும் பாத்ததும் கூலிப் பாட்டுக்காரன்னு அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க. அத்தனை பேரு நடுவுல நீ என்ன பண்ணுவே, பாவம்? உங்கம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். தா, ஹாரன் கேக்குது. நான் கொட்டிலுக்குப் போறேன்.

— மாமா! அப்பாவோட சட்டையைக் கழட்டிக் குடுங்க.

— ஏய், எங்க ஓடுறே? அவன் வந்து இறங்கட்டும்.

— இறங்குறதுக்கு முன்னாடி அவன்கிட்ட நானே சொல்லணும். நீ பாட வேண்டாம்பா. அவனுக்கு முன்னாடி நீ தெரிஞ்சுக்கோ. அவங்களா ஒண்ணும் முடிவு பண்ணல. ‘உங்கப்பாவா? கண்ணு அப்படியே உன்னுது மாதிரி இருக்கே’ன்னுதான் காயோ கேட்டான். ‘சே, கூலிக்கு வந்த ஆளு’ன்னு சொன்னது நான்.