பன்னிரண்டரை வோல்ட்

பழைய காருக்கு பேட்டரி வாங்கும்போது முதலில் அளக்க வேண்டியது உயரத்தை. எல்லோரும் விலையைக் கேட்பார்கள், எத்தனை வருஷம் கேரண்டி என்று கேட்பார்கள். அரை அங்குலம் உயரம் கூடிவிட்டால் பானட்டை மூடும்போது தகரம் டெர்மினலில் உரசி, வண்டி தீப்பிடித்துக்கொள்ளும். இருபத்தெட்டு வருஷமாக என் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லி வருகிறேன். இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை ஐயா. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது இதுதான்.

மாப்பிள்ளையின் காருக்கு நான்தான் பேட்டரி பார்த்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவருடைய அப்பா ஓட்டிய கார் அது; என்னைவிட வயதில் மூத்தது. வெண்ணெய் நிறம். ஒரு தூறல் விழுந்தால்கூட வெளியே எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைத் துடைக்க ஆரம்பித்தால் மதியம்வரை கூப்பிட்ட குரலுக்கு வர மாட்டார். “எனக்கு ஒரு சக்களத்தி இருக்காண்ணா, நாலு சக்கரத்தோட” என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு.

அந்த மாதிரி வண்டிகளில் டைனமோ மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்றும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், ஸ்டார்ட் பண்ணச் செலவானதுகூடத் திரும்பி வராது. அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் போய் மெதுவாக சார்ஜ் ஏற்றுவேன். தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவேன். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீரில் கழுவி வாசலின் தடவுவேன். தங்கை வீட்டு வேலை, யாரும் சொல்லிச் செய்வதில்லை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள், மதியம் மூன்று மணி இருக்கும், தங்கைக்கு மூச்சு முட்டியது. எப்போதும் உறிஞ்சும் மருந்துக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் படுக்க வைத்திருக்கிறார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பின் சீட்டிலேயே அவள் போய்விட்டாள். முப்பத்திநாலு வயது. அவளை வளர்த்ததே நான்தான் ஐயா, எங்களுக்கு அம்மா இல்லை.

மூன்றாம் நாள் நான் கார் ஷெட்டுக்குப் போனேன். பேட்டரியில் மீட்டர் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது, நல்ல சார்ஜ். உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்துக்கொண்டது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வாரம் குழாய் பதிக்கத் தெரு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முழங்கால் சேறு. அந்தச் சேற்றில் தன் கார் இறங்க வேண்டாம் என்று பொய் சொல்லியிருக்கிறார்.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனைப் போய்ப் பொய்க்குமேல் பொய் சொல்ல வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்குப் பிறகும் பழையபடி போய் வந்துகொண்டிருந்தேன். அவர் தனியாக இருந்தார். என்னைப் பார்த்தால் முகம் மலரும். ஒன்றேகால் வருஷம் கழித்து அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். இன்னொரு தடவை வலித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதை அவரைவிட நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஒரு புது ஏற்பாடு சொன்னேன். நல்ல பேட்டரி ஷெட்டில் சும்மா கிடந்தால் கெட்டுவிடும், அது என் கடையிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து மாட்டுகிறேன், சாயங்காலம் கழற்றிக்கொண்டு போகிறேன். மற்ற நாளுக்கு அவசரத்துக்கு வேறொன்று மாட்டி வைக்கிறேன், அதைச் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து வீணாக்காதீர்கள் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. “நீங்க இல்லன்னா நானும் இல்ல, இந்த வண்டியும் இல்ல மச்சான்” என்றார்.

அவசரத்துக்கு வைத்தது ஒரு லாரிக்காரர் தூக்கிப்போட்ட பேட்டரி. மீட்டர் வைத்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பினால் படுத்துவிடும். இதனால்தான் மீட்டரை மட்டும் பார்த்து ஒரு பேட்டரியை நல்லது என்று சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் அது.

பதினாலு மாசம் காத்திருந்தேன். அவசரப்பட்டுச் செய்த காரியமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். காரில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினார். நெஞ்சு வலிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது, ஆம்புலன்ஸை நம்பினால் அன்றைக்கு மாதிரி ஆகிவிடும் என்று வண்டியை எடுக்கப் பார்த்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இறங்கி நடக்காதீர்கள், ஐந்து நிமிஷம் விட்டு இன்னொரு தரம் சாவியைத் திருப்புங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற மனுஷன்தான்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. கையில் இருந்த வேலையை முடித்தேன். இரண்டு தடவை அவரே மறுபடி கூப்பிட்டார். இரண்டாவது தடவை பேச்சு குழறியது.

“அன்னிக்கும் இப்படித்தான் மச்சான். திருப்பினா டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். நீங்க நம்பலன்னு எனக்குத் தெரியும். கேப்பீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்.”

“பேசாதீங்க மாப்பிள்ளை, மூச்சு வாங்கும்” என்றேன்.

நாற்பது நிமிஷம் கழித்துப் போனேன். என் கடையிலிருந்து அவர் வீடு பத்து நிமிஷ தூரம். ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார். உங்கள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவதற்குள் பேட்டரியை மாற்றிவிட எனக்கு நேரம் இருந்தது. மாற்றவில்லை. அவரை நான்தான் கொன்றேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தங்கை போன மூன்றாம் நாள் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் வேறு எதையாவது தொட்டேனா என்று கேட்டீர்கள். தொட்டேன். பேட்டரியைக் கவ்வும் எர்த் ஒயரின் கிளாம்ப் தளர்ந்திருந்தது, விரலால் தள்ளினாலே சுற்றியது; அப்படி இருந்தால் வண்டிக்குக் கரண்ட் போகாது. ஸ்பேனர் போட்டு முறுக்கினேன், அப்புறம் சாவியைத் திருப்பினேன். அவள் போவதற்கு முந்தின வாரம் அந்த பேட்டரியை மாட்டியது நான்தான். அன்றைக்கு ஸ்பேனரைக் கடையில் விட்டுவிட்டுப் போயிருந்தேன், கையாலேயே முறுக்கிவிட்டு, மறுநாள் வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். கடையில் வேலை வந்துவிட்டது.

ஆனால் அது ஒரு விஷயமே இல்லை ஐயா. பெண்டாட்டி மேல் உண்மையான பாசம் இருந்தவன் இறங்கி பானட்டைத் திறந்து பார்த்திருப்பான்.