வெள்ளி விழா மலரின் அட்டைப்படம்

மலாக்கா மாநிலத்தை நாட்டின் பிற பகுதிகளோடு இரும்பால் பிணைத்த பெருமை எங்கள் நிறுவனத்துக்கே உரியது. வெள்ளி விழா மலரின் முதல் வரியாக இதை எழுதியவன் நான்தான். உண்மையில் நாங்கள் இதுவரை ஒரு முழம் தண்டவாளம்கூடப் புதிதாகப் போட்டதில்லை. புலாவ் செபாங் பக்கம் பாதையோரப் புல் வெட்டும் குத்தகையில் தொடங்கி, தளர்ந்த போல்ட்டை முடுக்கும் அளவுக்கு வளர்ந்தோம். ஆயினும் ஆயர் குரோ அலுவலகப் பலகையில் ‘ரயில்பாதை நிர்மாணம்’ பெரிதாகவும் ‘பராமரிப்பு’ சிறிதாகவும் எழுதியிருக்கும்.

நான் புவனேந்திரன், பாதுகாப்பு மேற்பார்வையாளர். பிழையில்லாமல் தமிழ் எழுதுவேன் என்பதால் நிறுவன வரலாற்றையும் என் தலையில் கட்டினார்கள். முதலாளி காளிதாஸ் சொன்னால் மறுக்க முடியாது. விசாரணை அதிகாரியான நீங்கள் இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. பாதையில் வேலை நடக்கும்போது வளைவுக்கு அப்பால் ஒருவர் கொடியோடு நிற்பார். அவர் சிவப்பைக் காட்டினால் ரயில் நிற்கும்; ஆட்கள் விலகியபின் பச்சையைக் காட்டினால் போகும். எங்கள் தொழில்நுட்பம் அவ்வளவுதான். அன்று காலை கொடியோடு நின்றவர் நல்லமுத்து. பின்னால் செம்பனைத் தோட்டம், மேலே தெளிந்த வானம். சிவப்பு மட்டும் உறுத்தியது. “நம்ம கம்பெனி கலர் பச்சை லா, அட்டையில பச்சைதான் வரணும்” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

நல்லமுத்து ஒப்பவில்லை. “சார், வளைவுக்கு அந்தப் பக்கம் ஜெயமணி போல்ட்டு முடுக்குற மிஷின் ஓட்டிக்கிட்டு இருக்கான். காதுல ஒண்ணும் விழாது. இந்தச் சிவப்ப நம்பித்தான் குனிஞ்சிருக்கான்.”

“அஞ்சு நிமிசம்தான் அண்ணே. பாஸ்போர்ட் படமா எடுக்குறேன்? கொஞ்சம் சிரிங்க.”

சிவப்புக் கொடியை மடித்துக் காரின் பின்சீட்டில் வைத்துப் பூட்டினேன். அவர் கையில் நான் கொடுத்த பச்சை நிறுவனக் கொடி காற்றில் நன்றாக விரிந்தது. ஐந்து நிமிடம் பதினைந்தானது. வெயில் மேகத்துக்குள் போனால் நான் என்ன செய்வது? சரக்கு ரயில் நேரத்துக்கு வந்ததும் என் குற்றமில்லை. ஓட்டுநர் பச்சையைப் பார்த்தார், ஒருமுறை ஊதினார், வேகம் குறைக்காமல் வந்தார். அன்று விதிப்படி நடந்தவர் அவர் ஒருவர்தான். நல்லமுத்து சிவப்பை எடுக்கக் காருக்கு ஓடிக் கதவை இழுத்தார். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நான் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயமணி கடைசிவரை நிமிரவே இல்லையாம். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இரத்தம் ஆகாது.

மலரின் மூன்றாம் பக்கத்தில் முதலாளியின் உரை: ‘இருபத்தைந்து ஆண்டுகளில் பணியின்போது ஓர் உயிரும் போனதில்லை.’ விழாவில் பேச அவர் அதை மனப்பாடம் செய்துவிட்டிருந்தார். மனப்பாடமானதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஜெயமணியின் கோப்பு ஒன்றுதான். இறந்ததற்கு முந்தைய நாளே வேலையிலிருந்து விலகிவிட்டதாக ஒரு கடிதம் எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். விலகியவர் மறுநாள் தண்டவாளத்தில் செத்துக்கிடந்தால் ஊர் என்ன சொல்லுமோ, அதையே சொன்னது. நல்லமுத்துவிடம், பச்சையைப் பிடித்த கை அவருடையது என்று நினைவூட்டினேன். அவர் அந்தக் கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பத்தாம் நாள் ஜெயமணியின் மனைவி தாரணி செலண்டாரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்.

“சார், அவரு அன்னிக்கு வேலைக்குத்தான் வந்தாருன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. வேணும்னே ரயில்ல போயி விழுந்தாருன்னு பேசுறாங்க. எம் மக ஸ்கூலுக்கே போக மாட்டேங்குது.”

குடிக்க மைலோ வரவழைத்துக் கொடுத்தேன். என் கையில் ஒன்றுமில்லை என்றேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்தது. என் நிலைமையை யாரும் யோசிப்பதில்லை.

“உங்க கையில பேனா இருக்கே சார்” என்றார்.

இருந்தது. மலருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது நல்லமுத்து அந்தப் பச்சைக் கொடியை உங்கள் மேசையில் கொண்டுவந்து போட்டுவிட்டார். அதனால் சொல்கிறேன். சிவப்பை எடுத்தவன் நான். கடிதம் எழுதியவன் நான். ஜெயமணி சாகும்வரை வேலையில்தான் இருந்தார். தாரணி கேட்ட தாளாக இதையே கொடுத்துவிடலாம். ஆனால் பச்சை வேண்டும் என்றது மேலிடம்; நான் சொன்னதைச் செய்கிறவன்.

மலர் போன வாரம் வந்தது. வரலாறு என்றால் பழசாகத் தெரியவேண்டும் என்று முதலாளி அட்டையைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருக்கிறார்.