இடம் காட்டாத கேமரா

— இது பதினஞ்சு மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும்க்கா. உறை கிறை எதுவும் வேணாம். அப்படியே தண்ணிக்குள்ள இறங்கிக்கலாம்.

— இவ முழங்கால் தண்ணியைத் தாண்ட மாட்டா தம்பி. பதினஞ்சு மீட்டரை வச்சு நாங்க என்ன பண்றது?

— ஏங்க, கடைக்கு வந்தா கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன். நீ சொல்லு தம்பி. ஓர்மோன் நீதானே? என்கூடப் படிச்ச ஜிபார்தான் உன்கிட்டப் போகச் சொன்னா. எகிப்துக்குப் போறோம், செங்கடல். மீனெல்லாம் கிட்டத்துல தெரியணும்.

— ஜிபார் அக்கா அனுப்புனாங்களா? அப்ப இந்தச் சின்னதே போதும்க்கா. பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சு மூடணும். விலை அதுல நாலுல ஒரு பங்குதான். சும்மா சொல்லலக்கா, மூடுற ரப்பர்ல ஒரு முடி சிக்குனாலும் தண்ணி உள்ள வந்துரும். அதை மட்டும் பாத்துக்கணும்.

— விலை கம்மின்னா படமும் அப்படித்தானே இருக்கும்? எங்க கூட்டத்தைப் பத்தி உனக்குத் தெரியாது. ஒரே வகுப்புல படிச்ச பத்துப் பேரு. மாசம் ஒருத்தி வீட்டுல விருந்து. சாப்பிட்டுக் கை கழுவுனதும், போன ஊரு படத்தை எடுத்து விரிச்சிருவாளுங்க. அடுத்த மாசம் எங்க வீடு.

— கறியை விடப் படம்தான் அதிகம் தம்பி அந்த விருந்துல.

— அப்படின்னா பெரியதையே எடுத்துக்கங்க. இதுல இன்னொரு வசதி இருக்கு. எந்த ஊரு, எந்தக் கரைன்னு படத்துலயே பதிஞ்சிரும். படத்தைத் தொட்டா வரைபடத்துல புள்ளி வச்சுக் காட்டும்.

— தானாவா?

— தானாத்தான்க்கா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்.

— அதை நிறுத்தி வைக்க முடியாதா?

— முடியும். ஏன்க்கா, செங்கடல்னு வந்தா உங்களுக்குப் பெருமைதானே?

— சொல்லேன் சைராகுல். தம்பி கேக்குறான்ல.

— நீங்க பேசாதீங்க. யாரால வந்தது இதெல்லாம்?

— என் பெரியப்பா செத்ததுக்கு நானா பொறுப்பு? அவருக்குப் பிள்ளை இல்ல, நான்தான் முன்ன நிக்கணும். அவரோட வருஷ நினைவுக்கு எங்க ஊரு நாரின்ல ஊரே கூடியிருக்கு. குதிரை அடிச்சுக் கறி போடாம ஆட்டோட நிறுத்தியிருந்தா அப்புறம் அந்தப் பக்கம் தலை காட்ட முடியுமா?

— அடிச்சீங்க. என் விமானச் சீட்டு, தங்குற இடம், எல்லாம் ஒரே கொப்பரையில வெந்துருச்சு. நானும் கூட உக்காந்து தின்னேன்.

— நல்லா இருக்குன்னுதானே சொன்ன?

— நல்லாத்தான் இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் கோவம் வருது.

— அப்ப எகிப்து?

— எகிப்தும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி. நம்ம இசிக்-குல் ஏரிதான். என் தங்கச்சி வீடு கரையிலயே இருக்கு. இவளும் நானும் ஒரு வாரம் அங்க ஒளிஞ்சிருந்துட்டு வரப் போறோம்.

— எகிப்து போறேன்னு புத்தாண்டு அன்னைக்கே அவளுங்ககிட்ட வாயை விட்டுட்டேன் தம்பி. மத்த ஒன்பது பேரும் கடலைப் பாத்துட்டு வந்துட்டாளுங்க. நான் மட்டும் போகலன்னு சொன்னா சிரிக்க மாட்டாளுங்க. அய்யோ பாவம் சைராகுல்னு தலையைத் தடவுவாளுங்க. அதைத்தான் என்னால தாங்க முடியாது.

— கண்ணைத் துடைங்கக்கா. ஏரியில எடுத்தாலும் கடல் மாதிரியேதான் வரும்.

— நிஜமாவா?

— சும்மா சொல்லலக்கா. கேமராவை முழுசா முக்கிருங்க. பாதி வெளிய இருந்தா பின்னாடி பனிமலை விழுந்துரும். தண்ணி சில்லுன்னு இருக்கும், உறைக்குள்ள ஆவி படியாம இருக்க, ஈரத்தை உறிஞ்சுற இந்தப் பொட்டலத்தைப் போட்டு வைங்க. உதடு வெளுக்குறதுக்குள்ள எடுத்து முடிங்க. எகிப்துல யாரும் குளிர்ல நடுங்க மாட்டாங்க.

— மீனு?

— பயந்து ஓடிருச்சுன்னு சொல்லிருங்க.

— ரொம்பத்தான் தெரிஞ்சு வச்சிருக்கியே தம்பி. அந்த ஏரியில எத்தனை தடவை இறங்கியிருக்க?

— நான் இறங்குனதே இல்லண்ணே. எடுத்த படத்தை எல்லாம் செல்போனுக்கு மாத்தித் தர்றது நான்தான். அப்பப் பாக்குறதுதான்... விடுங்க, எனக்கெதுக்கு.

— விடாத. யாரு படத்தைப் பாத்த?

— ஒன்பது பேருக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்க்கா.

— எந்த ஒன்பது பேரு?

— உங்க கூட்டத்து ஒன்பது பேருதான். நீங்க அழுறதைப் பாத்துட்டு எனக்கு மனசு கேக்கல. கடை நல்லாருக்குன்னு ஒருத்தர் இன்னொருத்தரை அனுப்புனாங்க. எல்லாரும் இந்தச் சின்னதைத்தான் வாங்குனாங்க. இடம் காட்டுறதை இன்னும் ஒருத்தர்கிட்டயும் விக்க முடியல.

— ஜிபாருமா? துருக்கிக் கடல்னாளே.

— அவங்களும்தான். எல்லாம் அதே ஏரிதான்க்கா.

— அடிப்பாவிகளா. நாலு மாசமா நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

— அப்பச் சோலி முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போவோம். விருந்து அன்னைக்குக் குதிரை அடிச்ச கதையைச் சொல்லிரு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

— நல்லாச் சொன்னீங்க. நான் உண்மையைச் சொல்லிட்டா அந்த ஒன்பது பேரும் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுப்பாளுங்க? தம்பி, அந்தச் சின்னதைக் கட்டிக் குடு.