உனக்காகத்தான் சொல்றேன்

அவன்: நான் உனக்காகத்தான் சொல்றேன். மேல்படிப்புக்கு ஸ்கின் எடு, தோல் டாக்டர் ஆகு. ராத்திரி டூட்டி இல்ல, ரத்தம் இல்ல. முகப்பருவுக்காக எவனும் நடுராத்திரி வந்து கதவைத் தட்ட மாட்டான்.

அவள்: எனக்கு சர்ஜரிதான். எத்தனை தடவை சொல்றது?

அவன்: கவுன்சிலிங் ஹாலுக்குள்ள இப்போ யாரைக் கூப்பிடறாங்க?

அவள்: ரேங்க் வரிசைப்படி இன்னும் நாலஞ்சு பேர். அப்புறம் நான். எனக்கு அடுத்து நீ. பேச்சை மாத்தாத.

அவன்: மாத்தலையே... யோசிச்சுப் பாரு. சர்ஜரின்னா அஞ்சாறு மணி நேரம் ஒரே இடத்துல நிக்கணும்...

அவள்: நம்ம கல்யாண வரவேற்புல நின்னேனே, அதைவிடவா?

அவன்: விளையாடாத.

அவள்: அங்க பல்லைக் காட்டிட்டு வேற நிக்க வேண்டியிருந்துச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல மாஸ்க்காவது இருக்கும்.

அவன்: சீனியருங்க கத்துவாங்க. கோவம் வந்தா கத்தரியைத் தூக்கி எறிவாங்க.

அவள்: குனிஞ்சுக்கறேன்.

அவன்: நாளைக்கே நமக்குன்னு ஒரு குழந்தை...

அவள்: பிறக்காத குழந்தையை எதுக்கு இப்பவே சாட்சிக்குக் கூப்பிடற? அப்படியே பிறந்தாலும் உனக்கும்தானே அது குழந்தை? நீ எடேன் ஸ்கின்.

அவன்: நானா?

அவள்: ஏன், ஆம்பளைங்களுக்குத் தோல் இல்லையா?

அவன்: அது இல்ல... சின்ன வயசுலேர்ந்தே நான் சர்ஜன் ஆகணும்னு...

அவள்: ஆகு. யாரு தடுத்தா?

அவன்: யாரும் இல்ல... யாரும் தடுக்கல. உனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

அவள்: பயிற்சி டாக்டரா இருந்தப்போ வயித்துல குத்துப்பட்டு ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? சீஃப் ரத்தம் வர்ற இடத்தைக் காட்டி, "விரலை வை, எடுக்காத"ன்னார். வெச்சேன். என் விரலுக்கடியில ரத்தம் நின்னுச்சு. அன்னிலேர்ந்து வேற எதுவுமே எனக்கு வேலையாத் தெரியல.

அவன்: வெளிய வந்து மயங்கி விழுந்தியே, அதையும் சொல்லு.

அவள்: வெளிய வந்துதானே விழுந்தேன்? உள்ள விழலையே!

அவன்: உன்கூடப் பேசி ஜெயிக்க முடியாது. நான் மட்டும் சொல்லல. அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. "மருமக ஸ்கின் எடுத்தா எனக்கு நிம்மதி"ன்னு நேத்துகூட...

அவள்: அப்படியா? இதோ காபியோட வர்றாங்க, கேட்டுடலாம். அத்தை, நான் ஸ்கின் எடுக்கணும்னு இவர்கிட்ட சொன்னீங்களா?

மாமியார்: நானா? அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியாதே! டேய், என் பேரைச் சொல்லி என்னடா அளந்து விட்டிருக்க?

அவன்: அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

மாமியார்: சும்மாதானே இருந்தேன்? நீதானே இழுத்த!

அவள்: விடுங்க அத்தை. அவர் வேற யாரைத்தான் இழுப்பார்?

மாமியார்: என்னைக் கண்டதும் "இவரு, அவரு"ங்கற. நீங்க சண்டை போட்டுக்கிட்டது வராந்தாக் கோடி வரைக்கும் கேட்டுச்சும்மா. நீ வாடா போடான்னே பேசு. இன்னிக்கு இவனுக்கு அதுதான் லாயக்கு.

அவள்: சரிங்க அத்தை. டேய், நிஜத்தைச் சொல்லு.

அவன்: என்ன நிஜம்?...

மாமியார்: முழிக்கற முழியைப் பாரேன். ஏதோ இருக்கு.

அவன்: ...சர்ஜரில ஒரு சீட்தான் மிச்சம். உள்ள காலி சீட் காட்டற ஸ்கிரீன்ல பாத்தேன். இவ எடுத்துட்டா... எனக்கு இல்ல.

மாமியார்: அடப்பாவி! அதுக்கா என்னை ஏணியா வெச்சு ஏறப் பாத்த? ...உன் பேரைக் கூப்பிடறாங்கம்மா, கிளம்பு.

அவன்: ஒரு நிமிஷம்... இதை நான் நேராக் கேட்டிருந்தா விட்டுக்குடுத்திருப்பியா?

அவள்: மாட்டேன். கொஞ்சம் முன்னாடி முகம் கழுவிட்டு வரேன்னு போனேன்ல, அப்பவே நானும் ஸ்கிரீனைப் பாத்துட்டேன். ஒரே சீட்டுன்னு தெரிஞ்சுதான் இவ்வளவு நேரமும் உன் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ நேராக் கேட்டிருந்தா, உனக்குக் கிடைக்கலையேன்னு அழுதுட்டே போய் எடுத்திருப்பேன். இப்போ அழாம எடுக்கப் போறேன். வழி விடு.